புலம்பெயர்ந்த சிலி மக்கள் தாய்நாட்டு மனித உரிமைக்கு எப்படி நிதி திரட்டினார்கள்?

சர்வாதிகாரி பினோசேயின் ராணுவ ஆட்சிக்குத் தப்பி வெளியேறிய சிலி மக்கள், கையில் காசில்லாமல் ஊருக்கு எப்படி உதவினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டும் சாப்பாடும் பெரிதும் கைகொடுத்தன. 1973 செப்டம்பர் 11 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் ஐரோப்பாவிலும் கனடாவிலும் தஞ்சமடைந்தவர்கள் 'பென்யா' என்னும் இசை இரவுகளை நடத்தினார்கள். ஒரு மண்டபம், கிட்டார், எம்பனாடா (நம்ம சோமாசி மாதிரி, உள்ளே கறி). வசூல் ஊரில் இருந்தவர்களுக்குப் போனது.

அப்புறம் அர்பியேரா. என்னை உலுக்குவது இதுதான். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத்துணியில் பழைய துண்டுகளை ஒட்டித் தைத்த படங்கள். "அவர்கள் எங்கே?" என்ற கேள்வியையே சிலவற்றில் தைத்திருப்பார்கள். 1976இல் சான்டியாகோவில் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கிய மனித உரிமை அலுவலகம் அவற்றை வாங்கி ரகசியமாக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. புலம்பெயர்ந்தவர்களும் அவர்களுடைய நண்பர்களும் விற்றுக் கொடுத்தார்கள். தைத்த பெண்களின் வீட்டில் அந்தப் பணத்தில் அடுப்பெரிந்தது.