நோய் வந்தால் அது கடவுளின் சிட்சையா?

வியாதி வந்தால் ஆண்டவர் சிட்சிக்கிறார், அதாவது திருத்துவதற்காகத் தண்டிக்கிறார் என்கிறார்களே, பைபிள் அப்படித்தான் சொல்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். சில இடங்களில் ஆம். பைபிளின் எண்ணாகமம் 12-இல், இஸ்ரவேலரை வழிநடத்திய மோசேக்கு விரோதமாகப் பேசிய அவர் சகோதரி மிரியாமுக்குக் குஷ்டம் வருகிறது. 7 நாள் பாளயத்துக்கு (ஜனங்கள் தங்கிய முகாமுக்கு) வெளியே இருக்கிறாள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்வரை ஜனங்கள் பயணப்படவே இல்லை. கழித்துக்கட்டுவதல்ல நோக்கம், திருத்திச் சேர்ப்பது. (கூடவே பேசிய சகோதரன் ஆரோனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை, அது எனக்கு உறுத்தல்தான்.) கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவ சபையில் பலர் வியாதிப்பட்டதையும் அப்போஸ்தலன் பவுல் சிட்சை என்றே பார்க்கிறார்.

சரி, எல்லா நோய்க்கும் இது பொருந்துமா? பொருந்தாது. சர்வவல்லவரின் சிட்சையை அற்பமாக எண்ணாதே என்று, குற்றமில்லாமலே நோயில் தவித்த யோபுக்குப் புத்தி சொன்னவன் அவன் நண்பன் எலிப்பாஸ். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது எலிப்பாஸ்மேலும் அவனுடைய இரண்டு நண்பர்கள்மேலும்தான் (யோபு 42:7). பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும், இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றுதான் இயேசு சொன்னார்.