பீரோவுக்குப் பின்னால் ஒரு கறுப்பு

கேள்வி: அக்கா, எங்களுடையது ஒரே படுக்கையறை உள்ள சின்ன வீடு. நான், கணவர், நாலு வயது மகன். பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. இரண்டு முறை பெயின்ட் அடித்தும் திரும்ப வந்துவிட்டது. குளிர் நாட்களில் விடியும்போது ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. மகனுக்கு இருமல் விடவே இல்லை. சுவரில் கசிவா, பெயின்ட் சரியில்லையா?

பதில்: முதலில் மகனை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் பூஞ்சை இருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பெயின்ட் மேல் தப்பு இல்லை. கண்ணாடியில் வழியும் தண்ணீர், நீங்கள் மூன்று பேரும் மூச்சுவிட்டு, குளித்து, சமைத்து, துணி உலர்த்தி வீட்டுக்குள் சேர்த்த தண்ணீர். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம்தான். மிச்சமுள்ளது குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படிந்துவிடும். கண்ணாடியில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது. வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவுக்குப் பின்னால் அறையின் சூடும் போகாது, காற்றும் புகாது. அங்கே படிவதை யார் பார்க்கிறார்கள்?

நான் பார்க்கவில்லை. மகள் பிறந்த வருஷம் நாங்கள் ஒற்றை அறையில் இருந்தோம். அவளுடைய துணியெல்லாம் அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டேன். ஒரு தடவை துவைத்த துணி உள்ளே காய்ந்தால் இரண்டு லிட்டர் தண்ணீர்கூடக் காற்றில் கலக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் பீரோவின் அடித்தட்டிலிருந்து போட்டோ ஆல்பத்தை எடுத்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தபோது அவளுடைய முதல் படத்தில் முகம் இருந்த இடத்தில் சாம்பல் பூத்திருந்தது. துடைத்தேன், முகமும் சேர்ந்து வந்துவிட்டது. அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

கசிவா என்ற சந்தேகம் தீர, சுவரில் பூஞ்சை இல்லாத காய்ந்த இடத்தில் அலுமினியத் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் ஈரமாக இருந்தால் நான் சொன்ன கதைதான். சுவரைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் ஓதம், அதாவது சுவருக்குள்ளிருந்தே வரும் ஈரம். அதற்குக் கொத்தனார் வர வேண்டும்.

பீரோவை உள்சுவர் பக்கம் மாற்றுங்கள். இடமில்லையென்றால் நாலு விரல் இடைவெளியாவது விடுங்கள். துணியைக் குளியலறையில் போட்டு, கதவைச் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். குளித்த பிறகும் அது கால் மணி நேரம் ஓடட்டும். சமைக்கும்போது மூடி போடுங்கள். காலையில் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள், கண்ணாடியைத் துடைத்து அந்தத் துணியைத் தொட்டியில் பிழியுங்கள். வெளியிலும் புழுக்கமாக இருக்கும் நாளில் ஜன்னலைத் திறப்பதால் பெரிய பலன் இருக்காது. அன்றைக்கு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் டிஹியூமிடிஃபையர் மெஷின்தான் உதவும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் சுவர். உலர்ந்த பிரஷால் தேய்க்காதீர்கள், பூஞ்சையின் விதைத்தூள் அறையெங்கும் பறக்கும். மகனை வெளியே அனுப்பிவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட். ஈரத்தின் மேல் அடித்ததால்தான் இரண்டு முறையும் வீணாயிற்று.

கேள்வி: பிளீச்சிங் திரவத்தோடு வினிகர் கலந்து அடித்தால் பூஞ்சை சீக்கிரம் போகுமாமே அக்கா?

பதில்: வேண்டவே வேண்டாம்! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலை அரிக்கிற விஷம் அது. அம்மோனியா உள்ள கிளீனரோடும் பிளீச்சைக் கலக்கக் கூடாது. யாராவது ஏற்கெனவே கலந்துவிட்டால், கழுவிவிடலாம் என்று அங்கேயே நிற்காமல் உடனே வெளியே வந்துவிடச் சொல்லுங்கள்.