58 சதவீதத்தோடு எம்.எஸ்சி. கிடைக்குமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இப்போதுதான் முடித்தேன். மொத்தம் 58 சதவீதம். முதல் வருடத்தில் இரண்டு அரியர் இருந்தது, பிறகு எழுதி பாஸ் செய்துவிட்டேன். எம்.எஸ்சி. படித்து ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது ஆசை. கூடப் படித்தவர்கள், இந்த மார்க்குக்கு நல்ல இடத்தில் யார் சீட் தருவார்கள் என்கிறார்கள். அண்ணன் பி.எட். சேரச் சொல்கிறார். பைபாஸ் ரோட்டில் ஒரு கன்சல்டன்சியில், ஜெர்மனியில் படிப்பு இலவசம், மார்க் ஒரு பிரச்சினையே இல்லை, மற்ற செலவுக்கு நிலத்தை வைத்து லோன் போடலாம் என்றார்கள். மறுபடியும் முதலிலிருந்து ஒரு டிகிரி படித்து மார்க்கை ஏற்றிக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறேன். மார்க் ஷீட் நகலை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், உசிலம்பட்டி வட்டம்

பதில்: தம்பி, முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்சி. கிடைக்கும். நல்ல இடத்திலும் கிடைக்கும். ஆனால் அந்த நல்ல இடத்துக்கு இனிமேல் செய்யப்போகிற வேலையை வைத்துத்தான் போக முடியும். 58 இனி மாறாது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வதால் அரை மார்க் கூடக் கூடாது. மாற்றக்கூடியது எது என்று பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய மார்க் ஷீட்டை வரி வரியாகப் பார்த்தேன். நீங்களே அப்படிப் பார்த்தீர்களா என்று எனக்குச் சந்தேகம். முதல் செமஸ்டர் 47, இரண்டாவது 49, அப்புறம் 54, 60, 67, கடைசி செமஸ்டர் 71. ஒருமுறை கூட இறங்கவில்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை, முதல் வருடம் வகுப்பில் சொல்வது புரியாமல் திணறி, மூன்றாவது வருடம் குவாண்டம் மெக்கானிக்ஸில் 72 வாங்கியிருக்கிறது. மொத்தம் 58 என்ற ஒற்றை எண்ணில் இந்தக் கதை மறைந்துபோகிறது. சேர்க்கைக் குழுவில் உட்காரும் ஆசிரியர்களுக்கு இது கண்ணில் படும், ஆனால் விண்ணப்பத்தில் நீங்கள் எடுத்துக்காட்டினால்தான் படும்.

இன்னொரு விஷயம் உண்டு, நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. உங்கள் மார்க் பார்ட் ஒன், பார்ட் டூ, பார்ட் த்ரீ என்று பிரிந்திருக்கிறது பாருங்கள். தமிழ் ஒன்றில், ஆங்கிலம் இரண்டில், இயற்பியலும் அதோடு சேர்ந்த அலைடு பாடங்களும் மூன்றில். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. சேர்க்கைக்குப் பெரும்பாலும் பார்ட் த்ரீ சதவீதத்தைத்தான் எடுப்பார்கள். உங்கள் ஆங்கிலத் தாள்கள் நாற்பதுகளில் நிற்கின்றன, அவைதான் மொத்தத்தைக் கீழே இழுத்திருக்கின்றன. பார்ட் த்ரீயை மட்டும் கூட்டினால் உங்களுக்கு 61 வருகிறது. விண்ணப்பத்தில் எந்தச் சதவீதம் கேட்கிறார்கள் என்று படித்துப் பார்க்காமல் எல்லா இடத்திலும் 58 என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

சரி, எங்கே சேர்வது? என் விருப்பத்தைச் சொல்கிறேன். இந்த வருடமே மதுரையில் எம்.எஸ்சி. சேருங்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறை இருக்கிறது. நகருக்குள் அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி இருக்கின்றன. அரசு உதவி பெறும் பிரிவில் சீட் கிடைத்தால் செலவு குறைவு, சுயநிதிப் பிரிவுக்கு அதிகம், அதனால் முதலில் உதவி பெறும் பிரிவையே கேளுங்கள். முதல் பட்டியலில் பெயர் வராவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். பி.எட்., வேறு படிப்பு என்று பிள்ளைகள் பிரிந்துபோகப் போக இரண்டாவது, மூன்றாவது பட்டியலில் இடம் காலியாகும். துறைத் தலைவரை நேரில் பார்த்து, மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் மேலே சொன்ன செமஸ்டர் கணக்கைப் பணிவாகச் சொல்லுங்கள். சிபாரிசுக்கு ஆள் தேடி அலைவதை விட இது பலன் தரும்.

உள்ளூரிலேயே சேரச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆராய்ச்சிக்குப் போக நீங்கள் தாண்ட வேண்டிய அடுத்த வாசல் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. அங்கே உங்கள் பி.எஸ்சி. சதவீதத்துக்கு என்று தனியாக ஒரு நிபந்தனை கிடையாது. எம்.எஸ்சி.யில் பொதுப் பிரிவுக்கு 55 சதவீதம் கேட்பார்கள், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு. பி.எச்டி. சேர்க்கையிலும் யு.ஜி.சி. விதிப்படி முதுகலை மார்க்கையே முதலில் பார்க்கிறார்கள். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதியோடு தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023லிருந்து இந்தத் தொகை. அதாவது அடுத்த இரண்டு வருடத்தில் நீங்கள் எடுக்கப்போகிற மார்க்தான் பேசும். 71இல் முடித்த பையன் அதே வேகத்தில் எம்.எஸ்சி. தொடங்கினால் இந்தப் பழைய 58ஐ யாரும் தோண்டிக் கேட்கப்போவதில்லை.

வெளியூரில் பெரிய நிறுவனத்தில் படித்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஐ.ஐ.டி.களிலும் பல என்.ஐ.டி.களிலும் எம்.எஸ்சி. சேர்வதற்கு ஜாம் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த பி.எச்டி.க்கும் அதே தேர்வின் மதிப்பெண்ணை எடுக்கிறார்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத், ஜே.என்.யு. மாதிரி இடங்களுக்கு சி.யு.இ.டி. பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு. இந்த இடங்களில் டிகிரி மார்க் என்பது கேட்கிற குறைந்தபட்சத்தைத் தாண்டினால் போதும், ஒவ்வொரு துறையும் எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும் அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தரவரிசை பெரும்பாலும் நுழைவுத் தேர்வை வைத்துத்தான். 85 சதவீதம் வாங்கியவரும் நீங்களும் அங்கே ஒரே கோட்டில் நின்று ஓடுகிறீர்கள்.

ஜாம் தேர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்ற மாணவருக்கு அது ஒத்துவரும் என்று நான் உண்மையிலேயே நம்புகிறேன். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். அதில் 30 கேள்விகள் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, தவறினால் மார்க் குறையும், அவை சேர்ந்து 50 மார்க். மீதி 50 மார்க்குக்கு நெகட்டிவ் கிடையாது: ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய 10 கேள்வி, கணக்குப் போட்டு எண்ணை நாமே தட்டச்சு செய்ய வேண்டிய 20 கேள்வி. கட்டுரை எழுத வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக விளக்க வேண்டியதில்லை. உங்களை மூன்று வருடம் படுத்திய பிரச்சினை அந்த அறையில் பாதிக்கு மேல் காணாமல் போகிறது.

ஆனால் படிக்கிற விதத்தை மாற்ற வேண்டும். கல்லூரித் தேர்வில், பெட்டிக்குள் அடைபட்ட துகளின் ஆற்றல் மட்டங்களை வருவி என்று பத்து மார்க்குக்குக் கேட்பார்கள், இரண்டு பக்கம் மனப்பாடமாக எழுதினால் மார்க் வந்துவிடும். நுழைவுத் தேர்வில், பெட்டியின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் துகளின் குறைந்தபட்ச ஆற்றல் என்ன ஆகும் என்கிற மாதிரி கேட்பார்கள். ஆற்றல், அகலத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டவர், நான்கில் ஒரு பங்கு என்று அரை நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். இரண்டு பக்கத்தையும் ஒப்பித்தவர், அந்தச் சூத்திரத்தில் அகலம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருநாளும் உற்றுப் பார்க்காததால், அங்கேயே நின்றுவிடுவார். அதனால் பழைய வருட வினாத்தாள்களை எடுத்து, ஒரு பாடத்தை முடித்தவுடன் அந்தப் பாடத்துக் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள், எல்லாம் படித்து முடித்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கணித முறைகள், மெக்கானிக்ஸ், மின்காந்தவியல் இந்த மூன்றும் முதல் வருடம் உங்களுக்கு ஓட்டையாகப் போன பாடங்கள், மார்க் ஷீட்டிலேயே தெரிகிறது. அதை அடைக்காமல் மேலே போக முடியாது. ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகக் கேட்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். ஒரே ஒரு பாடத்தையாவது தேர்வு எழுதி நல்ல மார்க்கோடு முடித்தால், முதல் வருடம் கோட்டைவிட்டதைப் பிறகு உட்கார்ந்து படித்திருக்கிறேன் என்று காட்ட ஒரு காகிதம் கையில் இருக்கும். வீட்டில் இடம் இல்லை, சத்தம் என்றால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023இல் திறந்தார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற கூட்டம் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடும், நீங்களும் போய் உட்காருங்கள்.

எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டு பிப்ரவரியில் ஜாம் எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் சேர்ந்த சீட்டை நடுவில் விட்டுவிட்டுப் போனால் கட்டிய பணம் திரும்ப வராமல் போகலாம், அசல் சான்றிதழ்களை வாங்கவும் அலைய வேண்டியிருக்கும். வீட்டில் உட்கார்ந்து ஒரு வருடம் முழுசாகத் தேர்வுக்கு மட்டும் படிக்கிறேன் என்பதை நான் ஆதரிக்கவில்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது சரிப்படலாம். வயலுக்கு ஆள் கூப்பிடும்போது, அண்ணன் முகம் சுளிக்கும்போது, ஏழாவது மாதத்தில் மனசு விட்டுப்போகும். நான் பார்த்தவரை அப்படித்தான் நடக்கிறது.

மறுபடியும் முதலிலிருந்து டிகிரியா? வேண்டாம். மூன்று வருடம் போகும், பழைய மார்க் ஷீட் அப்படியே இருக்கும், இரண்டையும் காட்டச் சொல்வார்கள்.

ஜெர்மனி விஷயத்தில் கோபமாகவே எழுதுகிறேன். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மை. மார்க் பிரச்சினையே இல்லை என்று சொன்னது பொய். நம் மதிப்பெண்ணை அவர்கள் ஒரு சூத்திரத்தில் போட்டு மாற்றுவார்கள். 1 என்றால் மிகச் சிறப்பு, 4 என்றால் கடைசித் தேர்ச்சி. தேர்ச்சி மார்க் 40 என்று வைத்தால் உங்கள் 58க்கு 3.1 வரும். பல துறைகள் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்கின்றன, அதற்கு இங்கே 70 சதவீதம் வேண்டும். பிறகு, விசாவுக்கு முன்னால் ஒரு வருடச் செலவுக்கான பணத்தை, மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். இதைத்தான் அந்த ஆள் "மற்ற செலவு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவின் நிலப் பத்திரத்தை இதற்காக எடுக்காதீர்கள். வெளிநாட்டில் படிக்கும் ஆசை இருந்தால் எம்.எஸ்சி.யை நல்ல மார்க்கில் முடித்துவிட்டு, சம்பளம் கொடுத்து எடுக்கிற பி.எச்டி. இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். அப்போது நிலமும் பத்திரமாக இருக்கும்.

அண்ணன் சொல்வதையும் ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டுக்கு ஒரு நிலையான வருமானம் வேண்டும் என்றுதான் அவர் பேசுகிறார். பி.எட். எம்.எஸ்சி.க்குப் பிறகும் படிக்கலாம், முதுகலையும் பி.எட்.டும் சேர்ந்திருந்தால் மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் வேலைக்கும் வழி திறக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள். இரண்டு வருடத்துக்கு என்ன செலவாகும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டிப் பேசினால் அவர் கேட்பார்.

எம்.எஸ்சி. சேர்ந்த முதல் செமஸ்டரிலேயே ஒரு ஆசிரியரிடம் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆய்வகத்தைப் பெருக்கச் சொன்னாலும் பெருக்குங்கள், அளவுகளைக் குறித்துக் கொடுங்கள், அவர் படிக்கச் சொன்ன கட்டுரையைப் படித்துவிட்டு மறுநாள் ஒரு கேள்வியோடு போங்கள். பிற்பாடு பரிந்துரைக் கடிதம் எழுதும்போது, இவன் ஒழுக்கமானவன், நன்றாகப் படிப்பான் என்று எல்லாருக்கும் எழுதுகிற இரண்டு வரியை உங்களுக்கு எழுத மாட்டார், உங்கள் கையால் நடந்த வேலையை எழுதுவார். குறைந்த மார்க்கை ஈடு கட்டுவதற்கு இதற்கு இணையாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வருட புராஜெக்டுக்குக் கல்லூரிக்கு உள்ளேயே முடங்கிவிடாமல் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மாதிரி இடங்களைக் கேட்டுப் பாருங்கள், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் போய்விடலாம், பேட்டரி, மின்வேதியியல், பொருளறிவியல் எல்லாம் அங்கே நடக்கிறது. இந்திய அறிவியல் அகாதமிகள் நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். இந்த மாதிரி இடங்களில் உள்ள விஞ்ஞானிக்கு மெயில் எழுதும்போது, உங்கள் ஆராய்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும் என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் எது புரிந்தது, எது புரியவில்லை, எந்த மாதங்களில் வர முடியும், இவ்வளவு போதும். பத்துப் பேருக்கு எழுதினால் ஒருவர் பதில் போடுவார்.

நேர்முகத்தில் மார்க் ஏன் குறைவு என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். குடும்பக் கஷ்டத்தைப் பத்து நிமிடம் சொல்லாதீர்கள், கல்லூரியைக் குறை சொல்லாதீர்கள். தமிழ் வழியில் படித்து வந்ததால் முதல் வருடம் பாடம் புரியவில்லை, இரண்டு அரியர் விழுந்தது, எழுதி முடித்தேன், கடைசி செமஸ்டரில் 71 வாங்கினேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அப்புறம் அவர்களே குவாண்டம் மெக்கானிக்ஸில் ஒரு கேள்வி கேட்பார்கள். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டிய ஒரு வேலை. ஜாம் விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறக்கும். பி.சி., எம்.பி.சி. பிரிவில் இருப்பவர்கள், தங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலிலும் இருந்தால், மத்திய அரசுப் படிவத்தில் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். பள்ளிக்காக வாங்கிய சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது, பழைய வருடத்துச் சான்றிதழையும் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடி, கையெழுத்துக்குக் காத்திருந்து, பொதுப் பிரிவில் விண்ணப்பம் போட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்களுக்கு அது பொருந்தும் என்றால் இந்த வாரமே உசிலம்பட்டியில் ஒரு இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள்.