கிரேடர் கட்டிங் எட்ஜ்: விலையைப் பார்ப்பதா, மண்ணைப் பார்ப்பதா?

கேள்வி: மண்ணைச் சமன் செய்யும் பழைய மோட்டார் கிரேடர் ஒன்றை வாங்கி, நானே ஓட்டி, வாடகை வேலை செய்து பிழைக்கிறேன். ஆனேகல், ஹொசகோட்டை பக்கம் லேஅவுட் ரோடு, பண்ணை ரோடு என்று மண் வேலைதான் அதிகம். போன மாதம் ஜே.சி. ரோட்டில் மலிவாகக் கிடைத்தது என்று பிளேடின் அடியில் போல்ட் போட்டு மாட்டும் கட்டிங் எட்ஜ் ஒரு செட் வாங்கினேன். இரண்டு துளைகள் சேரவில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேஸ் கட்டர் நெருப்பை வைத்துத் துளையைப் பெரிதாக்கி மாட்டினோம். மூன்றே வாரத்தில் அந்த இடத்திலேயே உடைந்துவிட்டது. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். எஃகை விடக் கடினமான கார்பைடு துண்டுகள் பதித்த எட்ஜ் வாங்கச் சொல்கிறார்கள் சிலர். என்ன வாங்குவது? போன பணம் வருமா?
– வாசகர், ராமமூர்த்தி நகர், பெங்களூரு

பதில்: நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடைப்பு நேராகத் துளை வழியாகப் போகிறது. துளையைச் சுற்றி ஒரு நீலக் கறை இருக்கிறதே, அது கேஸ் சூடு பட்ட இடம். உடைந்த முகத்தில் துளையை ஒட்டிய பாதி துருப்பிடித்துப் பழுப்பாக இருக்கிறது, மீதிப் பாதி பளபளவென்று சாம்பல் நிறம். அதாவது விரிசல் பல நாள் முன்பே விட்டுவிட்டது. மழையும் ஈரமும் அதற்குள் இறங்கித் துரு ஏறியிருக்கிறது. கடைசி நாளில் மிச்சம் இருந்ததுதான் உடைந்தது.

பதப்படுத்திய (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய) எஃகில் கேஸ் நெருப்பு படக் கூடாது. சூடுபட்டு ஆறும்போது துளையைச் சுற்றிச் சில இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும், அதை அடுத்த இடம் பதம் இழந்து இளகிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் விரிசல் பிறக்கும். வெல்டிங் வைத்தாலும் இதே கதைதான். எனவே முழுப் பழியையும் கடைக்காரர் மேல் போட மனம் வரவில்லை. துளை சேரவில்லை என்றவுடனேயே மாட்டாமல் திருப்பியிருக்க வேண்டும். ஆனால் எந்த கிரேடருக்கு என்று கேட்காமல் துளைக் கணக்கு வேறான எட்ஜைத் தந்தது அவர் தவறு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, அடுத்த செட்டுக்கு வருவோம். கடைக்குப் போகும் முன் பழைய எட்ஜைக் கழற்றி, மோல்ட்போர்டின் (எட்ஜைத் தாங்கும் பெரிய பிளேடு) அடிப்பகுதியில் ஒரு நீள அட்டையை வைத்து எல்லாத் துளைகளையும் பென்சிலால் அச்செடுங்கள். துளைக்குத் துளை 6 அங்குலம் என்பது பொதுவான கணக்கு, ஆனால் பழைய வண்டியில் யாராவது மோல்ட்போர்டையே மாற்றியிருப்பார்கள். போல்ட் 5/8 அங்குலமா 3/4 அங்குலமா, எட்ஜ் தட்டையா வளைவா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டையை எட்ஜ் மேல் வைத்துச் சரிபார்த்த பிறகு விலை பேசுங்கள்.

எந்த உலோகம் என்பதற்கு உங்கள் மண்ணைப் பார்க்க வேண்டும். லால்பாக் பாறையைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது. அதே வகைப் பாறை உடைந்து மக்கியதுதான் நம் பக்கத்துச் சரளையில் பெரும்பகுதி. அதில் குவார்ட்ஸ் நிறைய. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, எஃகை விட அதிகம். அதனால்தான் இங்கே எட்ஜ் சோப்பு மாதிரி கரைகிறது. சாதாரண ஹை கார்பன் எட்ஜ் மலிவு, ஆனால் இந்தச் சரளையில் சீக்கிரம் போய்விடும். போரான் சேர்த்து முழுக்கப் பதப்படுத்திய எட்ஜைத்தான் உங்களுக்குச் சொல்வேன். உலோகத்தின் கடினத்தைக் காட்டும் பிரினெல் எண் 450-க்கு மேல் இருக்கட்டும், அந்த எண் பில்லிலேயே வரட்டும்.

கார்பைடு பதித்தது தேய்மானத்தில் ராஜா. ஒரே சீரான சரளையில் நாள் முழுக்க ஓடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் லேஅவுட் மண்ணில் பாதி புதைந்த குண்டுக்கல்லும் கான்கிரீட் கட்டியும் கிடக்கும். அதில் ஓங்கி மோதினால் கார்பைடு துண்டு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும், கொடுத்த காசு அங்கேயே போச்சு. இப்போதைக்கு வேண்டாம். பல் வைத்த எட்ஜ் இறுகிப் போன ரோட்டையும் அலை அலையாக எழும்பிய ரோட்டையும் கிளறுவதற்கு நன்றாக இருக்கும். ஆனால் கோடு விழும், கடைசியில் நேர் எட்ஜால் சமன் செய்தாக வேண்டும்.

கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். ஒன்று எடை. 7 அடி நீளம், 8 அங்குல அகலம், 3/4 அங்குலத் தடிமன் என்றால் முழுப் பட்டை சுமார் 65 கிலோ. சரிவும் துளையும் போக அதைவிடக் கொஞ்சம் குறையும். மிகவும் குறைந்தால் தடிமனில் கை வைத்திருக்கிறார்கள். இன்னொன்று அரம். நன்றாக உழைத்த பழைய எட்ஜின் துண்டையும் அரத்தையும் எடுத்துப் போய் இரண்டிலும் ஒரே அழுத்தத்தில் இழுங்கள். மென்மையானதில் அரம் கடித்துத் தூள் விழும், பதமானதில் அவ்வளவாகக் கடிக்காது. கையே சொல்லிவிடும். மொத்தமாக வாங்குவதானால் பீன்யா பக்கம் பரிசோதனைக் கூடத்தில் ஒரு துண்டைக் கொடுத்துக் கடினத்தை அளந்துவிடுங்கள்.

மாட்டும்போது மோல்ட்போர்டின் முகத்திலுள்ள துருவையும் காய்ந்த மண்ணையும் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். அரிசி அளவு கட்டி உள்ளே சிக்கினாலும் எட்ஜ் முழுக்கப் படியாது, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் விரிசல் விடும். போல்ட் புதிதாகப் போடுங்கள், பழையதை முடுக்க வேண்டாம். நாலைந்து மணி நேரம் ஓட்டியபின் மறுபடி முடுக்க வேண்டும். இதை மட்டும் மறக்காதீர்கள்.

மாட்டிய அன்று ஹவர் மீட்டர் (வண்டி ஓடிய மணிக்கணக்கு காட்டும் மீட்டர்) எண்ணை மோல்ட்போர்டின் பின்னால் பெயின்டால் எழுதிவிடுங்கள். மாற்றும்போது கழித்துப் பார்த்தால் ஒரு மணிக்கு எவ்வளவு செலவு என்று தெரியும். மாற்றும் கூலியையும் வண்டி நின்ற நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள், மலிவு எட்ஜின் உண்மை விலை அப்போது வெளியே வரும். இரு பக்கமும் கூர் உள்ள எட்ஜை ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போடலாம். தேய்மானம் மோல்ட்போர்டின் உதடு (அடி விளிம்பு) வரை போக விடாதீர்கள். எட்ஜ் போனால் எட்ஜ்தான், மோல்ட்போர்டு தேய்ந்தால் செலவு பல மடங்கு. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, மெதுவான கியரில் வேலை வைத்துக்கொண்டால் எட்ஜும் மிஞ்சும், ரோடும் இறுகும்.

பணத்துக்கு வருகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபார நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு. நீங்களே ஓட்டுவதால் அந்த வாதம் உங்களுக்குப் பொருந்தும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. துளையைக் கேஸ் கட்டரால் பெரிதாக்கிய விஷயத்தை மறைக்க வேண்டாம், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். கடைக்காரர் பாதி விலைக்கு மாற்று எட்ஜ் தர முன்வந்தால், அட்டையோடு போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.