மகள் சைவமாகிவிட்டாள், குழம்பை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: எங்கள் வீட்டில் புதனும் ஞாயிறும் கறியோ மீனோ இல்லாமல் இருக்காது. மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். குலதெய்வக் கோயில் கிடாவெட்டுக்கு, வீட்டில் வளர்த்த கிடாயையே கொண்டுபோனோம். திரும்பி வந்த நாளிலிருந்து அசைவத்தைத் தொடமாட்டேன் என்கிறாள். முட்டைகூட வேண்டாமாம். பால், தயிர் சாப்பிடுகிறாள். நான்கு மாதம் ஆகிவிட்டது. “வயசுக்கு வந்த பிள்ளை, ரத்தம் செத்துப்போகும்” என்று மாமியார் தினமும் சத்தம் போடுகிறார். நான் தையல் கடை வைத்திருக்கிறேன், இரண்டு சமையல் என்னால் முடியாது. குழம்பில் இருக்கும் உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொள் என்றால் அழுகிறாள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் அந்த உருளைக்கிழங்கு விஷயம். அவள் அழுவதில் நியாயம் இருக்கிறது. கறியோடு வெந்த கிழங்கு அவளுக்குக் கறிதான். அதைவிட முக்கியம், கறிக்குப் பதில் கிழங்கு என்பது மருத்துவக் கணக்கிலும் சரிவராது. கறியை விட்டதால் பிள்ளைகள் மெலிந்து வந்து நான் பார்த்தது குறைவு. கறியை விட்ட இடத்தில் ரசம் சோறும் அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்து உட்கார்ந்துகொண்டதால் சோர்ந்து வந்தவர்கள்தான் அதிகம்.

இரண்டு சமையல் வேண்டாம், ஒரே மசாலா போதும். ஞாயிற்றுக்கிழமை வெங்காயம், தக்காளி, அரைத்த மசாலா எல்லாம் வதங்கி எண்ணெய் பிரியும்போது, கறியைப் போடுவதற்கு முன் நான்கு கரண்டி எடுத்துத் தனிச் சட்டியில் ஊற்றிவிடுங்கள். அதில் வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த மீல்மேக்கர், அல்லது முதல் நாள் இரவே ஊறப்போட்ட மொச்சை, தட்டைப்பயறு. உலர்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் சுமார் 15 கிராம் புரதம் இருக்கிறது. காளானும் பலாக்காயும் ருசிக்குச் சரி, புரதத்துக்கு அவற்றை நம்ப முடியாது. கருவாட்டுக் குழம்பு இன்னும் சுலபம். அதில் எப்படியும் மொச்சையும் கத்தரிக்காயும் போடுவீர்கள், கருவாடு விழுவதற்கு முன் அவள் பங்கை எடுத்துவையுங்கள். பிரியாணிக்கு மட்டும் வழியில்லை, அன்று அவளுக்குத் தனிக் குக்கர்தான். கரண்டியைத் தனியாக வையுங்கள். அவளுக்கு 15 வயது, பயறு ஊறப்போடுவதும் அந்தச் சின்னச் சட்டியைப் பார்த்துக்கொள்வதும் அவள் வேலையாகவே இருக்கட்டும்.

புரதக் கணக்கைப் பார்த்துப் பயப்படவேண்டாம். இந்த வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 43 கிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) பரிந்துரை. இரண்டு டம்ளர் பாலில் 12 கிராம், ஒரு கை வேர்க்கடலையில் 7, ஐம்பது கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, சாம்பாரிலும் கூட்டிலுமாக ஒரு கைப்பிடிப் பருப்பில் 8. இட்லி, தோசை, சோற்றில் இருப்பது மிச்சத்தை நிரப்பிவிடும். ஆனால் சுண்டல் என்றால் ஒரு கிண்ணம் நிறைய. நவராத்திரியில் தொன்னையில் தருகிற அளவு கணக்கில் சேராது.

உங்கள் மாமியார் கவலைப்படுவது இரும்புச்சத்தைப் பற்றி. அவர் சொல்வதில் பாதி உண்மை. ஆட்டுக்கறியில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும், கீரையிலும் பயறிலும் இருப்பதில் கொஞ்சம்தான் உள்ளே போகும். ஆனால் வாரம் இரண்டு நாள் கறி மட்டுமே அவள் ரத்தத்தைக் காப்பாற்றிவந்தது என்று நினைக்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100-க்கு 59 பேருக்கு ரத்தசோகை. அதில் கறி சாப்பிடுகிறவர்களும் நிறையப் பேர். மாதவிடாயில் போகும் ரத்தமும் குடற்புழுவும் கறி சாப்பிடுகிறாளா என்று பார்த்து வருவதில்லை.

செய்யக்கூடியது: சுண்டலிலும் முருங்கைக்கீரைப் பொரியலிலும் அடுப்பை அணைத்தபின் எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய். வைட்டமின் சி இருந்தால் பயறு, கீரையின் இரும்பு கூடுதலாக உள்ளே போகும். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரம் கழியட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வராமல் விழுங்குகிறாளா என்று கேளுங்கள். அப்புறம் பீட்ரூட். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. நல்ல காய்தான், ஆனால் இரும்பு அதில் சொற்பம்.

எனக்கு உண்மையில் கவலை தருவது ரத்தத்துக்கும் நரம்புக்கும் தேவையான பி12 வைட்டமின். இது விலங்குகளிடமிருந்து வரும் உணவில் மட்டுமே நம்பத்தக்க அளவு இருக்கிறது. முட்டையும் விட்டுவிட்டதால் அவளுக்கு மிச்சம் பாலும் தயிரும்தான். தினம் 400 மில்லி பால், ஒரு கிண்ணம் தயிர் என்றால் ஓரளவு ஈடுகட்டும். காபியில் ஊற்றும் அரை டம்ளர் பால் போதாது. ஸ்பைருலினா மாத்திரையில் பி12 இருப்பதாக விற்கிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதியை நம் உடம்பு பயன்படுத்த முடியாது, வாங்காதீர்கள். கல்லீரல் சில வருடங்களுக்கான பி12-ஐச் சேமித்து வைத்திருக்கும் என்பதால் நான்கு மாதத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு சோர்வு, வாய்ப்புண், விரல் மூட்டுகள் கறுப்பது, கைகால் மதமதப்பு என்று மெல்ல வரும். நரம்புவரை போய்விட்டால் முழுதாகத் திரும்புவது கஷ்டம்.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். கறியை மட்டும்தான் விட்டாளா? சோற்றையும் குறைத்து, எண்ணெய் வேண்டாம், இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று ஆரம்பித்து, அடிக்கடி எடை பார்த்துக்கொண்டு, மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்றால் அது சைவம் இல்லை, வேறு பிரச்சினை. தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துவாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவள் வளர்த்த கிடாய்க்காக அழுகிறாள், அவ்வளவுதான்.

மாமியாரிடம் ஒன்று சொல்லிவையுங்கள். எலும்பு சூப்பை ரசம் என்று சொல்லி ஊற்றிக்கொடுக்கும் பாட்டிகளை எனக்குத் தெரியும். ஒருமுறை கண்டுபிடித்தால் அப்புறம் பருப்புக் குழம்பையும் சந்தேகப்பட்டு, தயிர்சாதத்திலேயே நின்றுவிடுவாள். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரை போட்டு அவர் கையால் சுடச்சுடப் போடட்டும். சுண்ணாம்புச்சத்துக்கு அது நல்லது.

அரையாண்டு விடுமுறையில் ஒரு காலைப்பொழுது ஒதுக்கி ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டுவது), பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழோ, பி12 200-க்குக் கீழோ வந்தால் நீங்களாக டானிக் வாங்காமல் அந்தச் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த வருடம் பார்த்தால் போதும். அதற்குள் முட்டைக்குத் திரும்புவாளா என்று ஒருமுறை கேட்டுப்பாருங்கள், ஒருமுறைதான்.