ஒரே பழுப்பில் இரண்டு வண்டுகள்

கேள்வி: கோதுமை மாவைச் சலித்தபோது செம்பழுப்பு வண்டுகள் கிடைத்தன. அவை ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டு வெவ்வேறு சிற்றினங்களாக இருக்கலாம் என்றும், உடலில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து புள்ளியியல் முறையில் அவற்றைப் பிரித்தறியலாம் என்றும் வேளாண்மை படிக்கும் என் மகள் சொல்கிறாள். நிறம் ஒன்றாக இருக்கும்போது இது எப்படி முடியும்?
— வாசகி, தேனி

பதில்: உங்கள் மகள் சொல்வது சரியே. மாவில் விழும் டிரைபோலியம் கேஸ்டேனியம், டிரைபோலியம் கன்ஃப்யூசம் இரண்டும் 3 முதல் 4 மி.மீ. நீளமுள்ளவை, ஒன்றை மற்றொன்றாக எண்ணிக் குழம்பியதாலேயே இரண்டாவதற்கு அந்தப் பெயர். உருப்பெருக்கியில் பார்த்தால், முன்னதன் உணர்கொம்பில் கடைசி மூன்று கணுக்கள் திடீரெனப் பருத்திருக்கும். பின்னதில் படிப்படியாகப் பருக்கும். ஆயிரக்கணக்கான வண்டுகளை இப்படி ஒவ்வொன்றாகப் பார்ப்பது கடினம் என்பதால்தான் ஒளியை நாடுகிறார்கள்.

நம் கண் மூவகை உணர்செல்களைக் கொண்டே நிறத்தை அறிகிறது. நிறமாலைக் கருவியோ, 400 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியை நூற்றுக்கணக்கான குறுகிய பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு திரும்புகிறது என்பதை ஒரு வெள்ளைப் பலகையோடு ஒப்பிட்டு அளக்கிறது. மேலோட்டின் நிறமி, தடிப்பு, மெழுகுப் பூச்சு, ஈரம் ஆகியவற்றிலுள்ள வேறுபாடு, கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்புப் பகுதியில் வெளிப்படக்கூடும்.

ஆனால் கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருந்து, பிறகே செம்பழுப்பாகிறது. ஆகவே ஒரே சிற்றினத்துக்குள்ளும் அளவுகள் பரந்து கிடக்கும். இந்த உட்சிதறலைவிடச் சிற்றினங்களுக்கு இடையிலான இடைவெளி மேலோங்கித் தெரியும்படி அளவுகளை இணைக்கும் வழியை, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936இல் 150 ஐரிஸ் மலர்களின் இதழ் அளவுகளைக் கொண்டு காட்டினார். 1962இல் பூச்சியியலாளர் லுபிஷேவ், 74 தெள்ளு வண்டுகளின் உடல் அளவுகளைக் கொண்டு மூன்று சிற்றினங்களைப் பிரித்துக் காட்டினார். ஒளியளவுகளுக்கும் அந்தக் கணக்கின் அடிப்படை பொருந்தும்.

ஆய்வில் பலரும் வழுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. 30 வண்டுகளுக்கு 200 பட்டைகளின் அளவுகள் இருந்தால், உண்மையில் வேறுபாடே இல்லாத இரண்டு கூட்டங்களைக்கூடக் கணக்கு அழகாகப் பிரித்துக் காட்டிவிடும். எனவே அந்தக் கணக்கில் சேராத, வேறொரு கிடங்கிலிருந்து வேறொரு நாளில் எடுத்த வண்டுகளை வைத்துச் சோதித்த பிறகே முறையை நம்பலாம். கணக்குக்குப் பழக்கப்படுத்தாத மூன்றாவது சிற்றினம் ஒன்று வந்தால், அதையும் அந்த இரண்டில் ஒன்றாகவே அது சொல்லும். ஐயம் எழும் வண்டுக்கு உணர்கொம்பைத்தான் பார்க்க வேண்டும்.