தானே பிரேக் பிடிக்கும் கார் மோதினால் பொறுப்பு யாருக்கு?

கேள்வி: அடாஸ் (தானே பிரேக் பிடித்து, ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓட்டுநருக்கு உதவும் தொழில்நுட்பம்) வசதியுள்ள கார் வாங்கியிருக்கிறேன். ஓ.எம்.ஆரில் அது இயங்கும்போது, சாலையைக் கடப்பவர் மீது மோதினால் வழக்கு என் மீதா, கம்பெனி மீதா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: உங்கள் மீதுதான். ஸ்டீயரிங்கை அதுவே திருப்பினாலும், சட்டப்படி ஓட்டுநர் நீங்களே. மோட்டார் வாகனச் சட்டம் 164-ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே இறந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் இழப்பீடு உண்டு. அதனால் மூன்றாம் நபர் காப்பீடு ஒருநாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள். காரில் குறைபாடு என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளர் மீது தனியாக வழக்குப் போடலாம், நிரூபிப்பது கடினம்.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், ஊபரின் தானே ஓடும் சோதனைக் கார் சைக்கிளைத் தள்ளியபடி கடந்த பெண்ணை மோதிக் கொன்றது. 5.6 விநாடி முன்பே கருவி அவரை உணர்ந்துவிட்டது. ஆனால் வாகனமா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியதில், அவர் போகும் பாதையைக் கணிக்கவில்லை. தண்டனை பெற்றவர், காரில் இருந்தும் சாலையைக் கவனிக்காத ஓட்டுநர்தான்.

மீடியன் இடைவெளியில் திடீரென இறங்குபவர், இரவு, எதிர் ஹெட்லைட், அடைமழை: இவற்றில் அடாஸ் கேமராவை நம்பவே கூடாது. அதன் முன்னுள்ள கண்ணாடியைத் தினமும் துடையுங்கள். கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவுதிருத்தம் செய்யச் சொல்லுங்கள். கோணம் சற்று விலகினாலும் தூரக் கணக்கு தப்பும். விபத்து நடந்துவிட்டால் முதலில் 108, பிறகு காவல்துறை. டாஷ்கேம் பதிவை அழிக்காதீர்கள்.